துப்பாக்கி ஓய்ந்த பிறகு என்ன வேலை? லைபீரியாவை வைத்து ஓர் எளிய விளக்கம்

2003 ஆகஸ்ட் 18 அன்று, கானாவின் தலைநகர் அக்ராவில், மேற்கு ஆப்பிரிக்க நாடான லைபீரியாவில் சண்டையிட்டுக் கொண்டிருந்தவர்கள் சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். 1989 கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் தொடங்கிய போர் அது. நடுவில் இரண்டு ஆண்டு ஓய்ந்து, மறுபடி மூண்டு, ஒருவழியாக முடிவுக்கு வந்தது. இரண்டு கட்டப் போரிலும் சேர்த்து இறந்தவர்கள் இரண்டரை லட்சம் வரை இருக்கலாம் என்பது பரவலான மதிப்பீடு. நாட்டின் மக்கள்தொகையே அப்போது முப்பது லட்சம்தான்.

உலகச் செய்திகளைப் பொறுத்தவரை கதை அத்தோடு முடிந்தது. நாட்டைப் பொறுத்தவரை கஷ்டமான வேலையே அதற்குப் பிறகுதான் வந்தது. அந்த வேலை என்ன, அது ஏன் இருபது ஆண்டு கழித்தும் முடியவில்லை என்று பார்ப்போம். இதே சிக்கல் தெற்கு சூடானிலும் உண்டு, மத்திய ஆப்பிரிக்கக் குடியரசிலும் உண்டு. லைபீரியாவை எடுத்துக்கொள்ளக் காரணம், 2003-க்குப் பிறகு அங்கே போர் திரும்பவில்லை. அதனால் எது கைகொடுத்தது, எது காலை வாரியது என்று பிரித்துப் பார்க்க முடிகிறது.

முதலில் ஒரு விஷயம். ஐ.நா.வும் உலக வங்கியும் 'நலிந்த அரசு' என்று ஒரு நாட்டைச் சொல்லும்போது 'ஏழை நாடு' என்று அர்த்தமில்லை. ஏழை நாட்டிலும் வரி வசூலாகும், பத்திரம் பதிவாகும், திருடனைப் பிடித்தால் வழக்கு நடக்கும். நலிந்த அரசில் இவை நடக்காது, அல்லது சிலருக்கு மட்டும் நடக்கும். ஆபத்து வந்தால் அரசிடம் ஓடலாம் என்ற எண்ணமே மக்களுக்கு வராது. சொந்தக்காரர்களிடம் ஓடுவார்கள், இனத்தாரிடம் ஓடுவார்கள், துப்பாக்கி வைத்திருப்பவனிடம் ஓடுவார்கள்.

இப்படிப்பட்ட நாட்டில் மூன்று வகை வேலைகள் ஒரே சமயத்தில் நடந்தாக வேண்டும். சோறு, மருந்து, கூடாரம் கொடுத்து இன்றைக்கு உயிரைக் காப்பாற்றுவது மனிதாபிமான உதவி. சாலை, பள்ளி, மின்சாரம், வேலைவாய்ப்பு என்று நாளைக்கான அடித்தளம் போடுவது வளர்ச்சி. சண்டைக்கு மூலகாரணமாக இருந்த பகையைத் தீர்த்து, தகராறு வந்தால் ஆயுதம் எடுக்காமல் தீர்த்துக்கொள்ள வழி செய்வது சமாதானத்தைக் கட்டியெழுப்பும் வேலை. முதலில் நிவாரணம், பிறகு வளர்ச்சி, அது வந்தால் அமைதி தானாக வரும் என்று நினைக்கத் தோன்றும். நடைமுறையில் இந்த மூன்றும் ஒன்றின் காலை ஒன்று மிதிக்கும். லைபீரியாவில் அது எப்படி நடந்தது என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

பகையின் வேர்

அமெரிக்காவிலிருந்து வந்த கறுப்பின மக்கள், அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டவர்களும் சுதந்திரமாகப் பிறந்தவர்களும், குடியேறி 1847-ல் உருவாக்கிய குடியரசு லைபீரியா. குடியேறியவர்களின் வழித்தோன்றல்கள் மிகச் சிறுபான்மை. ஆனால் அவர்களுடைய ட்ரூ விக் கட்சி 1878-லிருந்து 1980 வரை இடைவிடாமல் ஆண்டது. உள்நாட்டுப் பகுதிகளில் வாழ்ந்த பூர்வகுடி மக்களுக்கு நிலமும் பதவியும் எட்டாக்கனி. 1926-ல் ஃபயர்ஸ்டோன் நிறுவனத்துக்கு ரப்பர் பயிரிடப் பத்து லட்சம் ஏக்கர் வரை, ஏக்கருக்கு ஆறு சென்ட் வாடகையில், 99 ஆண்டுக் குத்தகை கொடுத்தார்கள். அந்த மண்ணில் ஏற்கெனவே வாழ்ந்தவர்களை யாரும் கேட்கவில்லை.

1980-ல் சாமுவேல் டோ என்ற ராணுவ சார்ஜன்ட் ஆட்சியைக் கைப்பற்றி அதிபரைக் கொன்றார். பூர்வகுடி ஒருவர் முதன்முதலாக ஆட்சிக்கு வந்தார் என்று மக்கள் கொண்டாடினார்கள். அவரோ தன் கிரான் இனத்தவரைக் கொண்டு ராணுவத்தை நிரப்பினார். நிம்பா மாவட்டத்து கியோ, மானோ மக்கள்மேல் அந்த ராணுவம் பாய்ந்தது. 1989 டிசம்பர் 24 அன்று கிளர்ச்சித் தலைவர் சார்ல்ஸ் டெய்லரின் ஆட்கள் ஐவரி கோஸ்ட் எல்லையைத் தாண்டி அதே நிம்பாவுக்குள் நுழைந்தபோது, சேரத் தயாராக ஆயிரக்கணக்கான இளைஞர்கள் இருந்தார்கள். வரலாறு இவ்வளவு போதும். நிலம், பதவி, இனம் என்ற மூன்று சொற்களை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தேர்தல் வைத்தால் போதுமா?

போதாது என்பதற்கு லைபீரியாவே சாட்சி. முதல் போர் 1997 தேர்தலோடு முடிந்தது. டெய்லர் முக்கால்வாசி ஓட்டு வாங்கி வென்றார். "என் அம்மாவைக் கொன்றார், அப்பாவைக் கொன்றார், ஆனாலும் என் ஓட்டு அவருக்குத்தான்" என்று அவருடைய ஆதரவு இளைஞர்கள் தெருவில் கோஷம் போட்டார்கள். வெளியிலிருந்து பார்த்தால் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். அந்த ஊர்க்காரர் கணக்கு வேறு: இந்த ஆள் தோற்றால் மறுபடி காட்டுக்குப் போய்ச் சண்டையை ஆரம்பிப்பார், வென்றாலாவது நிம்மதியாகத் தூங்கலாம். பயந்து போட்ட ஓட்டு அது.

டெய்லர் தன் பழைய போராளிகளையே காவல்துறையாகவும் பாதுகாப்புப் படையாகவும் மாற்றிக்கொண்டார். மரமும் வைரமும் அவருடைய கஜானாவுக்குப் போயின. இரண்டே ஆண்டில், 1999-ல், அடுத்த கிளர்ச்சி தொடங்கிவிட்டது. தேர்தல் என்பது இருக்கிற பலத்துக்கு முத்திரை குத்தும். அந்தப் பலம் துப்பாக்கியாக இருந்தால் துப்பாக்கிக்குத்தான் முத்திரை கிடைக்கும்.

2003-ல் இதைக் கொஞ்சம் புரிந்துகொண்டார்கள். டெய்லர் ஒப்பந்தத்துக்கு ஒரு வாரம் முன்பே நைஜீரியாவுக்கு வெளியேற வைக்கப்பட்டார். 15,000 வீரர்கள் வரையிலான ஐ.நா. அமைதிப்படைக்கு அனுமதி கிடைத்தது. தேர்தலை இரண்டு ஆண்டு தள்ளி வைத்தார்கள்.

இங்கே பெண்களைப் பற்றிச் சொல்லாமல் போகக்கூடாது. லைபீரியத் தலைநகர் மன்ரோவியாவின் மீன் சந்தை அருகே வெள்ளை உடுத்தி, கிறிஸ்தவப் பெண்களும் முஸ்லிம் பெண்களுமாக, வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்தார்கள். அக்ராவில் பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டே போனபோது, லேமா போவியின் தலைமையில் ஒரு கூட்டம் மண்டபத்து வாசலை மறித்து உட்கார்ந்தது: முடிவு காணாமல் யாரும் வெளியே போக முடியாது. கைது செய்ய ஆட்கள் வந்ததும், அங்கேயே தன் உடைகளைக் களைந்துவிடுவேன் என்றார் போவி. தாய் வயதுப் பெண்ணை அந்த நிலையில் பார்ப்பது அந்த மண்ணில் பெரும் சாபம். மத்தியஸ்தராக இருந்த நைஜீரியாவின் முன்னாள் ஆட்சியாளர் அப்துல்சலாமி அபூபக்கர் வந்து சமாதானப்படுத்தினார். பேச்சு வேகம் பிடித்தது. 2011-ல் போவிக்கு நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது.

ஆனால் இடைக்கால நாடாளுமன்றத்தின் 76 இடங்களைப் பங்கிட்டபோது, டெய்லரின் பழைய அரசுக்கும் இரண்டு கிளர்ச்சிக் குழுக்களுக்கும் ஆளுக்கு 12 இடம். குடிமக்கள் அமைப்புகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 7. ஆயுதம் வைத்திருந்தால் நாற்காலி, வாசலில் உட்கார்ந்தால் பாராட்டு. சமாதான ஒப்பந்தங்களில் இது லைபீரியாவுக்கு மட்டும் வந்த நோய் அல்ல. சண்டை நிற்க வேண்டுமானால் சண்டைக்காரனுக்குத்தான் விலை கொடுக்க வேண்டும் என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது. அந்த விலையை யார் கையிலிருந்து எடுத்துக் கொடுக்கிறோம் என்பதை மட்டும் யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை.

ஆயுதத்தை வாங்கி வைத்த கதை

போராளியிடமிருந்து ஆயுதத்தை வாங்குவது, படையைக் கலைப்பது, ஆளை ஊர் வாழ்க்கையில் சேர்ப்பது. காகிதத்தில் இந்த மூன்றும் ஒரே வரியில் வரும். 2003 டிசம்பரில் மன்ரோவியாவுக்கு வெளியே இருந்த ஷிஃப்ளின் முகாமில் இதைத் தொடங்கினார்கள். சுமார் ஆயிரம் பேருக்கு ஏற்பாடு இருந்தது. பல ஆயிரம் பேர் வந்து குவிந்தார்கள். துப்பாக்கியைக் கொடுத்த கையோடு பணம் வரும் என்று அவர்கள் நம்பி வந்திருந்தார்கள். திட்டப்படி பணம் பின்னால்தான். கோபத்தில் தலைநகருக்குள் துப்பாக்கிச் சூடு நடந்தது, குறைந்தது ஒன்பது பேர் செத்தார்கள். திட்டத்தை நிறுத்தி, அடுத்த ஏப்ரலில்தான் மறுபடி தொடங்க முடிந்தது.

ஒரு துப்பாக்கி அல்லது 150 தோட்டா கொண்டு வந்தால் போராளி என்று பதிவாகலாம். தவணையாக மொத்தம் 300 டாலர் கிடைக்கும். முதலில் 38,000 போராளிகள் இருப்பார்கள் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். முடிவில் பதிவானவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். வந்து சேர்ந்த ஆயுதங்களோ சுமார் 28,000. தளபதிகள் தோட்டாக்களைத் தங்களுக்கு வேண்டியவர்களிடம் பிரித்துக் கொடுத்து, வந்த பணத்தில் பங்கு வாங்கிக்கொண்டார்கள் என்பது ஊரறிந்த விஷயம். இதை வெறும் மோசடி என்று மட்டும் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. 300 டாலர் என்பது அந்த நாட்டில் பலருக்கு ஓராண்டு வருமானத்துக்கும் மேல். பதிவானவர்களில் சுமார் 22,000 பெண்களும் 11,000 குழந்தைகளும் இருந்தார்கள். சமையலுக்கும் சுமைக்கும் கடத்திச் செல்லப்பட்டவர்கள், தளபதியின் 'மனைவி' ஆக்கப்பட்டவர்கள், பத்து வயதில் துப்பாக்கி தூக்கியவர்கள்.

பணம் செலவானதும் என்ன செய்வது? சில மாதம் தச்சு, கொத்து, தையல் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சி பெற்ற தச்சனுக்கு வேலை கொடுக்க மேசை வாங்குகிற ஆள் வேண்டுமே. ஒரு கூட்டம் கத்ரி ரப்பர் தோட்டத்தையே ஆக்கிரமித்து 2006 வரை பால் வடித்து விற்றது. இன்னொரு பெரும் கூட்டம் மோட்டார் சைக்கிள் டாக்சிக்குப் போனது. சாலை மோசம், பஸ் இல்லை, பைக் போகும். யாரும் திட்டம் தீட்டாமலே முன்னாள் போராளிகளுக்குக் கிடைத்த வாழ்வாதாரங்களில் இதுவே பெரிது என்று சொல்லலாம். 2013-ல் மன்ரோவியாவின் முக்கியச் சாலைகளில் அரசு அந்த பைக்குகளைத் தடை செய்தது. விபத்து அதிகம் என்பது காரணம், காரணம் நியாயம்தான். ஒரு போக்குவரத்து விதிகூட இப்படிப்பட்ட நாட்டில் அமைதி பற்றிய முடிவாகிவிடுகிறது.

ராணுவ விஷயத்தில் நல்லபடியாக ஒன்று நடந்தது. பழைய படையை முழுதாகக் கலைத்துவிட்டு, சுமார் 2,000 பேர் கொண்ட சிறிய படையைப் புதிதாகத் திரட்டினார்கள். சேர விண்ணப்பித்தவர்களின் புகைப்படங்களை வெளியிட்டு, இவர் போர்க்காலத்தில் தவறு செய்தவர் என்று தெரிந்தால் சொல்லுங்கள் என்று மக்களைக் கேட்டார்கள். ஐ.நா. காவல் பணிக்கு 2007-ல் இந்தியாவிலிருந்து மத்திய ரிசர்வ் காவல் படையின் பெண்கள் பிரிவு போனது, ஐ.நா. வரலாற்றில் முழுக்கப் பெண்களே இருந்த முதல் காவல் பிரிவு. 2016 வரை அங்கே இருந்தார்கள்.

செவிலியருக்குச் சம்பளம் கொடுப்பது யார்?

மூன்று வேலைகளும் மோதிக்கொள்வதைப் பார்க்கச் சுகாதாரத் துறையைவிட நல்ல இடம் கிடையாது.

போர் முடிந்தபோது இயங்கிக் கொண்டிருந்த கிளினிக்குகளில் பெரும்பாலானவற்றை வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்களே நடத்தின. அவர்கள் இல்லாவிட்டால் பிரசவத்தில் தாய்மார்கள் செத்திருப்பார்கள், மலேரியாவில் பிள்ளைகள் செத்திருப்பார்கள். எனவே உதவி தவறு என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் செவிலியருக்குச் சம்பளம் தொண்டு நிறுவனத்திடமிருந்து, மருந்து அவர்கள் லாரியில், கணக்கு அவர்கள் ஏட்டில். சுகாதார அமைச்சகத்துக்கு வேலையும் இல்லை, அதைச் செய்யப் பழகும் வாய்ப்பும் இல்லை.

2006-ல் எலன் ஜான்சன் சர்லீஃப் அதிபராகப் பொறுப்பேற்றார். ஆப்பிரிக்காவில் தேர்தலில் வென்று நாட்டுத் தலைவரான முதல் பெண். அரசின் ஆண்டு வரவு அப்போது 10 கோடி டாலருக்கும் கீழே, வெளிக்கடன் 490 கோடி டாலர் அளவில். அவர் வந்த கொஞ்ச காலத்திலேயே ஒரு வேடிக்கை நடந்தது. 'அவசரநிலை முடிந்துவிட்டது' என்று நிவாரண நிதி வறண்டது. தொண்டு நிறுவனங்கள் மூட்டை கட்டத் தொடங்கின. வளர்ச்சி நிதியோ இன்னும் வந்து சேரவில்லை, ஏனென்றால் அதைக் கொடுக்க அரசிடம் நம்பகமான கணக்கு முறை இருக்க வேண்டும். இரண்டு ஜன்னல்களுக்கு நடுவே நோயாளி நிற்கிறார், நிவாரண ஜன்னல் மூடிவிட்டது, வளர்ச்சி ஜன்னல் திறக்கவில்லை. இந்த இடைவெளியை அடைக்கத்தான் 2008-ல் சில கொடையாளர்கள் பணத்தை ஒரே தொகுப்பில் போட்டு, அமைச்சகத்தின் வழியாகவே செலவிடும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். மெதுவான வழி, திருட்டுப் பயமும் உண்டு. ஆனாலும் அரசை அரசாகப் பழக்க வேறு குறுக்குவழி எனக்குத் தெரியவில்லை.

பழகி முடிப்பதற்குள் எபோலா வந்தது.

2014-ல் நோய் லோஃபா மாவட்டத்தில் நுழைந்தபோது நாட்டில் ஒரு லட்சம் பேருக்கு ஒன்றிரண்டு மருத்துவர்கள்தான். அதைவிடப் பெரிய பற்றாக்குறை நம்பிக்கையில். எபோலா என்று ஒன்று இல்லை, வெளிநாட்டுப் பணம் வாங்க அரசு கட்டிய கதை என்று பலர் நம்பினார்கள். அதிகாரிகள் உதவிப் பணத்தைத் தின்பதைப் பல ஆண்டாகப் பார்த்தவர்களுக்கு அப்படித் தோன்றியதில் ஆச்சரியம் என்ன? ஆகஸ்ட் 16 அன்று, மன்ரோவியாவின் வெஸ்ட் பாயிண்ட் குடிசைப் பகுதியில், கேட்காமல் கொள்ளாமல் திறக்கப்பட்ட தனிமைப்படுத்தல் மையத்துக்குள் கூட்டம் புகுந்தது. நோயாளிகள் ஓடினார்கள், மெத்தைகள் களவு போயின. நான்கு நாள் கழித்து ராணுவமும் காவல்துறையும் பல்லாயிரம் பேர் வாழும் அந்தப் பகுதியையே முள்கம்பி போட்டு அடைத்தன. கலவரம் வெடித்தது, துப்பாக்கிச் சூட்டில் ஒரு சிறுவன் செத்தான். பத்து நாளில் கம்பியை எடுக்க வேண்டியதாயிற்று.

பிணங்களை எரிக்கும் உத்தரவும் அப்படித்தான். முன்னோர் கல்லறைக்கு மரியாதை செய்யும் மக்கள், எரிப்புக்கு அஞ்சி நோயாளிகளையும் பிணங்களையும் ஒளித்து வைத்தார்கள். நோய் இறங்கத் தொடங்கியதற்கு மருத்துவக் குழுக்களோடு ஊர்க்காரர்களும் காரணம். தெருவுக்குத் தெரு இளைஞர்கள் வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள், வாசலில் குளோரின் வாளி வைத்தார்கள், நோய் கண்டவரைத் தாங்களே அழைத்துப் போனார்கள். அமெரிக்க ராணுவம் கட்டிய சிகிச்சை மையங்கள் பலவும் தயாரானபோது அங்கே நோயாளிகள் அநேகமாக இல்லை. லைபீரியாவில் மட்டும் 10,600-க்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டு, 4,800-க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். பதினோரு ஆண்டு அமைதிக்குப் பிறகும் அரசுக்கும் மக்களுக்கும் இடையே எவ்வளவு தூரம் இருந்தது என்பதை எந்த ஆய்வறிக்கையும் இவ்வளவு துல்லியமாக அளந்திருக்காது.

மண்ணும் நீதியும்

போரில் ஓடிப்போன மக்கள் திரும்பி வருவது நல்ல செய்தி. திரும்பி வருபவரின் வீட்டில் வேறொருவர் குடியிருந்தால்? நிம்பாவின் வணிக நகரமான கான்டாவில் இது நடந்தது. மான்டிங்கோ மக்கள் டோவின் ஆட்கள் என்று கருதப்பட்டுப் போரில் விரட்டப்பட்டார்கள். திரும்பியபோது அவர்களுடைய கடையிலும் மனையிலும் கியோ, மானோ குடும்பங்கள் இருந்தன, சிலர் முன்னாள் போராளிகள். இவர்களுக்கும் ஒரு நியாயம் இருந்தது: நாங்கள் ரத்தம் சிந்திய மண், அவர்கள் வந்தேறிகள். பத்திரமோ எரிந்துபோயிருக்கும், அல்லது ஒரே மனைக்கு இரண்டு பத்திரம் இருக்கும். நீதிமன்றம் தொலைவில், நீதிபதிக்கு லஞ்சம். அமைதிக்கு உலைவைக்கக்கூடிய தகராறுகள் பெரும்பாலும் இந்த அளவில்தான் இருக்கும், ஒரு வேலி, ஒரு கடைச் சாவி. கிராமங்களின் வழிவழி நிலத்துக்குச் சட்ட உரிமை கொடுக்கும் நிலவுரிமைச் சட்டம் 2018-ல்தான் வந்தது. அளந்து எல்லைக்கல் நடும் வேலை அதைவிட மெதுவாகப் போகிறது.

நீதி விஷயம் இன்னும் கசப்பு. டெய்லருக்கு 2012-ல் 50 ஆண்டு சிறை கிடைத்தது உண்மை, ஆனால் அது அண்டை நாடான சியரா லியோனில் நடந்த குற்றங்களுக்காக. லைபீரியாவில் நடந்தவற்றுக்காக வெளிநாட்டு நீதிமன்றங்களில் சிலர் தண்டிக்கப்பட்டார்கள். லைபீரிய நீதிமன்றம் ஒருவரையும் போர்க்குற்றத்துக்காகத் தண்டிக்கவில்லை. உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2009-ல் அறிக்கை தந்தது. சர்லீஃப் உள்பட 49 பேர் 30 ஆண்டு பதவி வகிக்கக் கூடாது என்றது. உச்ச நீதிமன்றம் 2011-ல் அந்தத் தடை செல்லாது என்றது. அதிபர் டோவைச் சித்திரவதை செய்வதைக் கேமரா முன் பீர் குடித்தபடி மேற்பார்வையிட்ட கிளர்ச்சித் தளபதி பிரின்ஸ் ஜான்சன், நிம்பாவின் செனட்டராக 2024-ல் சாகும்வரை இருந்தார். அந்த மாவட்டத்து ஓட்டுகள் அவர் கையில் இருந்ததால் அதிபர் வேட்பாளர்கள் அவரைத் தேடிப் போனார்கள்.

இவரைப் பிடித்திருந்தால் நிம்பா மறுபடி கொதித்திருக்குமா? அந்தப் பயத்தில்தான் இருபது ஆண்டு ஒத்திப்போட்டார்கள். பயம் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கொன்றவன் செனட்டராக வலம் வருவதைப் பார்த்து வளரும் பிள்ளை, அரசியலில் முன்னேறும் வழி எது என்று கற்றுக்கொள்கிறது. அதுவும் அமைதிக்கு ஒரு செலவுதான், கணக்கில் வராத செலவு. போர்க்குற்ற நீதிமன்றம் அமைப்பதற்கான அலுவலகத்தை உருவாக்கும் ஆணையில் அதிபர் ஜோசப் போவாகாய் 2024 மே மாதம் கையெழுத்திட்டார்.

ஐ.நா. படை 2018 மார்ச்சில் கிளம்பிவிட்டது. 2023 தேர்தலில் போவாகாய் 50.64 சதவீதம் வாங்கி, பதவியில் இருந்த ஜார்ஜ் வியாவைத் தோற்கடித்தார். வித்தியாசம் சுமார் இருபதாயிரம் ஓட்டு. வியா அதிகாரபூர்வ முடிவுக்குக் காத்திராமல் தோல்வியை ஒப்புக்கொண்டார். டெய்லர் தோற்றால் காட்டுக்குப் போவார் என்று பயந்து ஓட்டுப் போட்ட நாட்டில், இது சாதாரண விஷயமல்ல.

மறுபக்கம், 2025-ல் அமெரிக்க அரசு தன் வெளிநாட்டு உதவி அமைப்பான யு.எஸ்.எய்டைக் கலைத்தபோது அதிகம் அடிபட்ட நாடுகளில் லைபீரியாவும் ஒன்று. போர் முடிந்து இருபத்திரண்டு ஆண்டு ஆகியும், ஒரு கிளினிக்கின் மருந்து அலமாரி நிறைவதும் காலியாவதும் இன்னும் வாஷிங்டனில் முடிவாகிறது. அடுத்து இப்படிப்பட்ட ஒரு நாட்டைப் பற்றிச் செய்தி படிக்கும்போது, எத்தனை கோடி உதவி வந்தது என்ற எண்ணைவிட, அங்கே செவிலியரின் சம்பளம் யாருடைய கஜானாவிலிருந்து வருகிறது என்ற தகவலைத் தேடிப் பாருங்கள்.